சிறு தோட்டத்துக்கு வந்த செந்நிற ரோஜா

அரசர்களின் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மலர்களுக்கு அத்தகைய சாசனம் எதுவும் இல்லை. ஒரு மலர் எங்கே தோன்றியது, எவர் கையால் வளர்ந்தது, எவ்வாறு எளியவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது என்பவையெல்லாம் பெரும்பாலும் அம்மலரின் உடலிலேயே எழுதப்பட்டுள்ளன. அவ்வெழுத்தைப் படிக்க வல்லார்க்கு ஒரு செடியும் ஓர் ஏடே ஆகும்.

இடுப்பளவே உயர்ந்து, கண்டபடி கிளை பரப்பாமல் அடக்கமாக நின்று, நிமிர்ந்த காம்பின் நுனியில் பெரிய சிவந்த மலரை ஏந்தும் ரோஜாச் செடியைப் பலரும் கண்டிருப்பர். தோட்டக் கலைஞர் இதனை 'ஹைப்ரிட் டீ' என்னும் கலப்பினத்தைச் சேர்ந்தது என்பர். புதிதாகப் பிரித்த தேயிலைப் பெட்டியின் மணத்தை ஒத்த மணமுடைய 'டீ ரோஜா' இதன் முன்னோர்களுள் ஒன்று; ஆதலால் இப்பெயர். தமிழில் இம்மலரை 'முளரி' என்று எழுதுவாரும் உளர். ஆயினும் பழைய நூல்களில் முளரி என்பது தாமரையைக் குறிக்கும் சொல்லாதலின், மக்கள் நாவில் வழங்கும் ரோஜா என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

இச்செடியின் மூன்று பண்புகள் கருதத்தக்கவை. ஒன்று, அதன் மாறாத சிவப்பு. இரண்டு, ஆண்டில் பலமுறை மலரும் இயல்பு. மூன்று, சிறிய இடத்துக்குள் அடங்கி நிற்கும் குறுவடிவம். இம்மூன்றும் ஐரோப்பிய நிலத்திலேயே விளைந்தவை என்று எண்ணுவோர் பலர். உண்மை அவ்வாறு இல்லை.

பழைய ஐரோப்பிய ரோஜா

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை ஐரோப்பியர் தம் தோட்டங்களில் வளர்த்தவை காலிக்கா, டமாஸ்க், ஆல்பா, சென்டிபோலியா என்னும் குலத்து ரோஜாக்களே. மணத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. பன்னீரும் அத்தரும் வடிக்கப் பயன்பட்டது டமாஸ்க் குலமே. ஆனால் அவை கோடையின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் பூத்து, பின்னர் அடுத்த ஆண்டு வரை வெறும் இலைச் செடியாகவே நிற்கும். இலையுதிர் காலத்தில் மறுமுறை சில பூக்களைத் தரும் ஒருவகை டமாஸ்க் மட்டுமே இதற்கு விலக்கு.

அவற்றின் சிவப்பும் நிலையான சிவப்பன்று. காலிக்கா மலர் விரியும்போது செந்நிறம் காட்டினாலும், நாள் செல்லச் செல்ல ஊதா படிந்து மங்கிவிடும். செடிகளோ ஆளுயரம் வளர்ந்து வளைந்து சாயும் இயல்பின. பெருநிலம் படைத்த பிரபுவின் தோட்டத்துக்கு அவை பொருந்தும். நாலு முழ முற்றம் உடையவன், ஆண்டில் மூன்று வாரப் பூவுக்காக எஞ்சிய காலமெல்லாம் முட்புதரைக் காத்துக்கொண்டிருக்க இயலாது.

சீனம் தந்த கொடை

இந்நிலையை மாற்றியது சீன நாட்டு ரோஜா. சீனர் அதனை 'யுவேஜி' என்பர். திங்கள்தோறும் மலர்வது என்பது அப்பெயரின் கருத்து. சுங் பேரரசின் காலத்திலேயே அங்கே பல வகைகள் தோட்டங்களில் வளர்க்கப்பட்டன. ஐரோப்பியர் கண்டெடுத்தவை காட்டுச் செடிகள் அல்ல. பல தலைமுறைத் தோட்டக்காரர் பொறுக்கிப் பொறுக்கிப் பண்படுத்திய வீட்டுச் செடிகள். அத்தோட்டக்காரர் ஒருவரின் பெயரேனும் ஐரோப்பிய ரோஜாப் பட்டியல்களில் இடம்பெறவில்லை.

1790களின் தொடக்கத்தில் செந்நிறச் சீன ரோஜா ஒன்று இங்கிலாந்தை அடைந்தது. அதனை வரவழைத்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவரின் பெயராலேயே அது 'ஸ்லேட்டரின் செஞ்சீன ரோஜா' என வழங்கலாயிற்று. அதே காலத்தில் இளஞ்சிவப்பு வகையொன்றும், 1809இல் தேயிலை மணமுடைய வெளிர்நிற வகையொன்றும், 1824இல் மஞ்சள் வகையொன்றும் வந்து சேர்ந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிபக் கப்பல்கள் கான்டன் துறைமுகத்திலிருந்து தேயிலையையும் பட்டையும் ஏற்றிவந்த காலம் அது. 1787இல் நிறுவப்பட்ட கல்கத்தாத் தாவரத் தோட்டம் சீன நாட்டுச் செடிகள் மேற்கே செல்லும் வழியில் ஒரு தங்குமடமாக விளங்கிற்று.

இந்நான்கு ரோஜாக்களே பின்னாளில் தோன்றிய எண்ணற்ற வகைகளின் மூலமென்று கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஹர்ஸ்ட் என்னும் அறிஞர் 1941இல் எடுத்துக் காட்டினார். பிற்கால ஆய்வுகள் சில நுட்பங்களைத் திருத்தியுள்ளன. ஆயினும் சீனக் குருதி கலவாமல் இக்கால ரோஜா இல்லை என்னும் அடிப்படைக் கருத்து நிலைபெற்றுவிட்டது.

சீன ரோஜா அடுத்தடுத்து மலர்வதற்கும் குறுகி நிற்பதற்கும் காரணம் ஒன்றே என்பது வியப்புக்குரியது. பழைய ரோஜாவின் இளந்தண்டு முதலாண்டில் பூவாமல் நீண்டுகொண்டே போகும். மறு ஆண்டே அதில் பூ வரும். பூத்தலைத் தடுத்து வைக்கும் ஒரு மரபணு அதனுள் வேலை செய்வதே இதற்குக் காரணம். சீன ரோஜாவில் அம்மரபணுவினுள் வேறொரு மரபுத்துண்டு புகுந்து அதனைச் செயலிழக்கச் செய்துவிட்டது என்பதை 2012இல் வெளிவந்த ஆய்வு தெளிவாக்கிற்று. தடை நீங்கியதால் ஒவ்வொரு தண்டும் சிறிது வளர்ந்ததும் பூவில் முடிகிறது. பூவில் முடிந்த தண்டு மேலும் நீளாது. ஆகவே செடி குறுகி நிற்கிறது. கீழேயுள்ள கண்ணிலிருந்து அடுத்த தண்டு புறப்பட்டு அதுவும் பூவில் முடிகிறது. இவ்வாறு மலர்ச்சி ஓயாத செடி அடக்கமான செடியாகவும் அமைந்தது.

இப்பண்பு தாய், தந்தை இரு வழியாகவும் வந்தாலன்றி வெளிப்படாது. ஆதலால் ஐரோப்பிய ரோஜாவையும் சீன ரோஜாவையும் முதன்முதல் கலந்தவர்க்கு ஏமாற்றமே கிட்டியது. பிறந்த செடிகள் பெரும்பாலும் பழைய வழக்கப்படி ஆண்டுக்கு ஒருமுறையே பூத்தன. பேரன் தலைமுறையிலேதான் பாட்டியின் பண்பு தலைகாட்டிற்று. அதுவரை பொறுத்திருந்தவரே வெற்றி கண்டனர்.

நாட்டிங்ஹாம் தொழிலாளர்

1853இல் பிரான்சு நாட்டில் ரூசெல் என்னும் ஆர்வலரின் விதை நாற்றுகளிலிருந்து 'ஜெனரல் ஜாக்மினோ' என்ற செந்நிற ரோஜா வெளிவந்தது. இன்றைய சிவப்பு ரோஜாக்களின் கால்வழியைப் பின்னோக்கித் தேடினால் மிகப் பெரும்பாலானவை இச்செடியில் வந்து சேரும். இது 'ஹைப்ரிட் பெர்பெச்சுவல்' எனப்படும் இனத்தது; மணம் மிக்கது; ஆனால் உயர்ந்து வளர்வது.

அந்நாளில் ரோஜா வளர்ப்பது செல்வர் பொழுதுபோக்கு என்றே கருதப்பட்டது. 1858ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இலண்டனில் முதல் தேசிய ரோஜாக் கண்காட்சி நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர் ரெனால்ட்ஸ் ஹோல் என்னும் கிராமத்துப் பாதிரியார். பின்னர் 1876இல் தேசிய ரோஜாச் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் தலைவராகவும் அவரே விளங்கினார்.

அவர் 1869இல் வெளியிட்ட ரோஜாவைப் பற்றிய நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் நாட்டிங்ஹாம் நகரத் தொழிலாளர் ஒருவரிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. தொழிலாளர் நடத்தும் ரோஜாக் கண்காட்சிக்கு நடுவராக வருமாறு அதில் அழைப்பு இருந்தது. தோட்டத்தில் ரோஜா பூக்காத பருவம் அது. ஏப்ரல் மாதத்து விளையாட்டு ஏமாற்றோ என்று ஐயுற்றவாறே அவர் சென்றார். அங்கே ஒரு விடுதியின் மாடியில், கண்டவர் வியக்கும் ரோஜாக்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. நகரின் புறத்தே மலைச்சரிவில் தொழிலாளர் வாடகைக்குப் பெற்றிருந்த சிறு தோட்டத் துண்டுகளில், தம் கையாலேயே அமைத்த சின்னஞ்சிறு கண்ணாடிக் கூடுகளில் வளர்ந்தவை அவை.

கடுங்குளிர் இரவுகளில் செடிகளை எவ்வாறு காத்தனர் என்பதும் அவருக்குத் தெரியவந்தது. தம் படுக்கையில் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துச் சென்று செடிகளுக்குப் போர்த்தினராம்! நாளெல்லாம் ஆலையில் உழைத்துத் திரும்பியவன், தான் குளிரில் நடுங்கியும் தன் ரோஜா நடுங்காமல் பார்த்துக்கொண்டான். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் தமிழர்க்கு இச்செயலின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாரி மன்னன், அவனுக்கு வேறு தேர் உண்டு. இத்தொழிலாளர்க்கு வேறு கம்பளி இருந்ததா என்பதே எண்ணத்தக்கது.

கலப்பினத்தின் தோற்றம்

1867இல் லியோன் நகரத்து கியோ என்பவர் தம் நாற்றுகளிடையே ஒரு புதுச் செடியைக் கண்டார். 'லா பிரான்ஸ்' எனப் பெயர் பெற்ற இளஞ்சிவப்பு ரோஜா அதுவே. ஹைப்ரிட் டீ இனத்தின் முதல் ரோஜா என்று பிற்காலத்தார் இதனையே குறிப்பிடுவர். ஆனால் இதன் பெற்றோர் யாவை என்பது உறுதியாகத் தெரியாது. காற்றும் வண்டும் செய்த கலப்பில் விளைந்தது அது.

வில்ட்ஷயரில் கால்நடை வளர்த்து வந்த ஹென்றி பென்னட் என்னும் உழவர் வேறு விதமாக எண்ணினார். நல்ல காளையும் நல்ல பசுவும் தேர்ந்து கன்றைப் பெறுவது போலவே ரோஜாவையும் ஏன் பெறலாகாது என்பது அவர் வினா. கண்ணாடி வீட்டினுள் செடிகளை வைத்து, தாய்ப்பூவின் மகரந்தப் பைகளை முன்கூட்டியே அகற்றி, தேர்ந்தெடுத்த தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தம் கையாலேயே சேர்த்தார். 1879இல் பெற்றோர் பெயருடன் பத்துப் புதிய வகைகளை வெளியிட்டார். அன்று முதல் ரோஜா வளர்ப்பு தற்செயலை நம்பிய தொழிலாக இல்லாமல், திட்டமிட்ட கலையாக மாறத் தொடங்கியது. பிரிட்டனின் தேசிய ரோஜாச் சங்கம் 1893இல் ஹைப்ரிட் டீயைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

சிறைவாசியும் வைரத் தொழிலரும்

சிவப்பு ரோஜாவின் வரலாற்றில் உலகப் போர்களின் நிழலும் படிந்துள்ளது. முதல் உலகப் போர் மூண்ட 1914இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் கோர்டஸ் இங்கிலாந்தில் ரோஜாப் பண்ணை நடத்தி வந்தார். பகை நாட்டவர் என்பதால் அவர் 'ஐல் ஆஃப் மேன்' தீவில் காவலில் வைக்கப்பட்டார். முள்வேலிக்குள் கழிந்த அவ்வாண்டுகளை அவர் வீணாக்கவில்லை. மெண்டலின் மரபியல் கொள்கையைக் கற்று, எதிர்காலத்தில் செய்யவேண்டிய கலப்புகளைத் திட்டமிட்டார். தாயகம் திரும்பி அவர் உருவாக்கிய ரோஜாக்களுள் 1935இல் வெளிவந்த 'கிரிம்சன் குளோரி' தலையாயது. கருஞ்சிவப்பு நிறம், பட்டுப் போன்ற இதழ், செறிந்த மணம் ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே அமைந்தன.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் ரோஜா வயல்கள் பல உணவுப் பயிருக்காக உழப்பட்டன. அதே நாட்டில் ஆல்பர்ட் நார்மன் என்னும் ஆர்வலர் ஒருவர் இருந்தார். வைரக் கற்களோடு பழகிய தொழிலர் அவர். ரோஜா அவருக்கு ஓய்வு நேரத் துணை. ஜெர்மானியரின் 'கிரிம்சன் குளோரி'யைப் பிரிட்டனில் உருவான 'சவுத்போர்ட்' ரோஜாவுடன் கலந்து அவர் பெற்ற செல்வமே 1946இல் வெளிவந்த 'எனா ஹார்க்னஸ்'. போரில் எதிரெதிராய் நின்ற இரு நாடுகளின் குருதி ஒரே மலரில் கலந்து, அம்மலர் போருக்குப்பின் ஆங்கிலேயர் முற்றங்களையெல்லாம் அழகு செய்தது. அதற்கும் ஒரு குறை உண்டு. காம்பு மெலிந்திருப்பதால் பூ தலை கவிழ்ந்து நிற்கும்.

குறுநிலத்துக்கு ஏற்ற குறுஞ்செடி

இதற்கிடையே வீடுகளின் அமைப்பும் மாறியிருந்தது. 1918இல் பிரிட்டனில் டியூடர் வால்ட்டர்ஸ் குழு தன் அறிக்கையில் நகரங்களில் ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் கட்டலாகாது என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட வீடமைப்புச் சட்டத்தின்படி, தொழிலாளர்க்கென ஊராட்சி மன்றங்கள் கட்டிய வீடுகளில் முன்னும் பின்னும் சிறு தோட்டம் அமைந்தது. நாட்டிங்ஹாம் தொழிலாளர் மலைச்சரிவில் தேடிச் சென்ற மண், அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டு வாசலிலேயே கிடைத்தது.

அம்மண்ணின் அளவுக்கேற்ற செடியைத் தேடியவருள் வட அயர்லாந்தின் சாம் மக்ரெடி ஒருவர். கொத்தாகப் பூக்கும் 'புளோரிபண்டா' இனத்து 'எவ்லின் பிசன்' என்னும் சிவப்பு ரோஜாவை, 'கிங் ஆஃப் ஹார்ட்ஸ்' என்னும் ஹைப்ரிட் டீயுடன் கலந்து அவர் பெற்றதே 1970இல் வெளிவந்த 'நேஷனல் டிரஸ்ட்'. பழம்பெரும் இடங்களைக் காக்கும் அப்பெயருடைய அமைப்பின் எழுபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி அப்பெயர் சூட்டப்பட்டது. இரண்டரை அடி உயரத்துக்குள் அடங்கும் செடி, நிமிர்ந்த காம்பு, அளவெடுத்து அடுக்கியது போன்ற இதழ். குறுகிய பாத்திகளுக்கென்றே பிறந்தது எனலாம்.

இத்தகைய குறுஞ்செடிகளை ஒன்றரை அடி முதல் இரண்டடி இடைவெளியில் நடுவர். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமேனும் வெயில் படவேண்டும். வேரில் நீர் தேங்கலாகாது. பெரும்பாலும் காட்டு ரோஜாவின் வேர்த்தண்டில் நல்ல வகையின் கண்ணை ஒட்டியே இவை பெருக்கப்படுகின்றன. ஆதலால் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் காட்டுத் தளிரை அவ்வப்போது களைய வேண்டும். குளிர்நாடுகளில் பனிக்காலம் முடியும் தறுவாயில் தண்டுகளைக் குறைத்து வெட்டுவர். செடியின் வெளிப்புறம் நோக்கிய கண்ணுக்குச் சற்று மேலே வெட்டுதல் முறையாகும். அப்போதுதான் புதுத்தண்டு வெளியே விரிந்து, நடுவில் காற்றோட்டம் உண்டாகும். வாடிய பூவை உடனே நறுக்கிவிட்டால் கீழ்க்கண் விழித்து அடுத்த பூவைத் தரும். சீன ரோஜாவின் உடலில் என்றோ நேர்ந்த மாற்றம், தோட்டக்காரனின் கத்தரிக்கு இன்றும் மறுமொழி கூறுகிறது.

மணமும் நோயும்

எல்லாப் பேற்றுக்கும் ஒரு விலை உண்டு. 'நேஷனல் டிரஸ்ட்' ரோஜாவை முகர்ந்தவர் அதன் விலையை அறிவர். அதில் மணம் மிகக் குறைவு. உருவம், நிறம், காம்பின் உறுதி ஆகியவற்றையே கண்காட்சியிலும் சந்தையிலும் மதிப்பிட்டதால், கண்ணுக்குத் தெரியாத மணம் பல வகைகளில் நழுவிவிட்டது. 1963இல் வெளிவந்த 'பாப்பா மெய்யான்' மணம் மிக்க கருஞ்சிவப்பு ரோஜா. அதே நிறுவனத்தின் 'ரூஜ் மெய்யான்' மணமற்ற சிவப்பு ரோஜா. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலார், மணப்பொருளை உண்டாக்கும் நொதியொன்று மணமற்ற செடியில் செயல்படாதிருப்பதை 2015இல் வெளியிட்டனர்.

நோயின் கதையோ இன்னும் விந்தையானது. ரோஜா இலையில் கரும்புள்ளி உண்டாக்கும் பூஞ்சைநோய், நிலக்கரிப் புகை சூழ்ந்த தொழில் நகரங்களில் மிகக் குறைவாகவே இருந்தது. புகையிலுள்ள கந்தக வாயு பூஞ்சையை அடக்கி வைத்தது. 1956இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தபின் மனிதரின் நுரையீரல் நலம் பெற்றது. ரோஜாவின் இலையோ நோயுற்றது. மருந்து தெளித்து நோயை விரட்டிய காலமும் பின்னர் மாறிற்று. ஜெர்மனியின் புகழ்பெற்ற ரோஜாத் தேர்வு வயல்களில் 1997 முதல் பூச்சி, பூஞ்சை மருந்துகள் எவையும் தெளிக்கப்படுவதில்லை. தன் வலிமையால் நிற்கும் செடியே அங்கே தேர்ச்சி பெறும்.

டென்மார்க்கின் பவுல்சன் குடும்பத்தார் 1984இல் வெளியிட்ட 'இங்கிரிட் பெர்க்மன்' என்ற செந்நிற ஹைப்ரிட் டீ, அடக்கமான வளர்ச்சியும் உரமான இலையும் உடையது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டில் அதனை உலகம் விரும்பும் ரோஜாக்களின் வரிசையில் சேர்த்துச் சிறப்பித்தது.

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

புதிய ரோஜாவை உருவாக்கியவர்க்கு உரிமை வழங்கும் சட்டம் அமெரிக்காவில் 1930இலும், பிரிட்டனில் 1964இலும் இயற்றப்பட்டது. இன்று ஒவ்வொரு புது வகைக்கும் பெயர் உண்டு, பதிவு உண்டு, உரிமைத் தொகையும் உண்டு. உழைப்புக்கு ஊதியம் கிட்டுவது நியாயமே.

ஆயினும், அவ்வகைகளுக்கெல்லாம் மூலமான செஞ்சீன ரோஜாவைப் பல நூற்றாண்டு காத்து வளர்த்த கைகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லை. அது வந்து இறங்கிய நாட்டின் ஒரு செல்வர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. நாட்டிங்ஹாமில் கம்பளியைக் கொடுத்துக் குளிர் காய்ந்த தொழிலாளரின் பெயரையும் வரலாறு குறித்து வைக்கவில்லை. ஒரு பாதிரியார் எழுதி வைத்ததால் அவர்தம் செயலாவது எஞ்சிற்று. எழுதுவார் இல்லாதவிடத்து இத்தகைய செயல்கள் எத்தனை மறைந்தனவோ!

பள்ளித் தோட்டத்தில் ஒரு ரோஜாச் செடியைக் காட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு இவ்வரலாறு பெருந்துணையாகும். இலை, காம்பு, இதழ் என்று உறுப்புகளைச் சொல்லிக் கொடுப்பதோடு, அச்சிவப்பு எந்த நாட்டிலிருந்து வந்தது, அக்குறுவடிவம் எவர் பொறுமையால் நிலைத்தது என்பதையும் மாணவர்க்குச் சொல்லலாம். சீனத் தோட்டக்காரர், பிரெஞ்சு ஆர்வலர், ஆங்கில உழவர், ஜெர்மானியச் சிறைவாசி, ஆலைத் தொழிலாளர் ஆகிய இத்தனை பேரின் கைகளும் சேர்ந்தே அச்செடியை வளர்த்தன என்று அறிந்த சிறுவன், அதன் ஒரு மொட்டையேனும் வீணே கிள்ளி எறிய மாட்டான்.